வார்னிங் போச்சு, தப்பு போகலை: ஒரகடத்திலிருந்து ஒரு பஸ் கதவின் கதை

ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக ஆங்காங்கே சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.

போன பகுதிக்குப் பிறகு ஒரு நேயர் குரல்பதிவு அனுப்பியிருந்தார். சின்ன கம்பெனி, எலக்ட்ரானிக்ஸ் பார்ட்ஸ் செய்றாங்க. "கஸ்டமர் ஸ்டாடிக் அனாலிசிஸ் ரிப்போர்ட் கேக்கறாங்க. டூல் விலையைக் கேட்டா தலை சுத்துது. அது உண்மையிலேயே சி ப்ரோக்ராமில் இருக்கிற தப்பைக் கண்டுபிடிக்குமா, இல்ல ஆடிட்டுக்குக் காட்டுற பேப்பர்தானா?" என்பது கேள்வி.

ரெண்டும்தான். எப்போது அது கருவி, எப்போது பேப்பர் என்று நான் கற்றுக்கொண்ட விதம் அவ்வளவு பெருமைப்படக்கூடியது இல்லை. அதைத்தான் இன்னைக்குச் சொல்லப்போறேன். ஆட்கள் பெயர், கம்பெனி பெயர் எதுவும் சொல்ல மாட்டேன்.

முதல்ல இந்த ஏரியாவைப் பத்தி. நான் 2011-ல் ஒரகடத்துக்கு வந்தேன். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-லேயே கார் செய்ய ஆரம்பிச்சாச்சு. ஒரகடத்தில் ரெனோ-நிஸான் 2010-ல் திறந்தாச்சு. அடுத்த வருஷமே, 2012-ல், டெய்ம்லரின் பாரத்பென்ஸ் லாரி ஆலை வந்தது. 2013-ல் ராயல் என்ஃபீல்டு. வண்டலூர் - வாலாஜாபாத் ரோடும் சிங்கப்பெருமாள்கோவில் - ஸ்ரீபெரும்புதூர் ரோடும் வெட்டிக்கிற அந்த சந்திப்பில் காலையில் நின்னா, கம்பெனி பஸ் போய்க்கிட்டே இருக்கும். வெளியிலிருந்து பார்க்கிறவங்களுக்கு இது இரும்பும் பெயின்ட்டும் உள்ள ஊர். உண்மையில் இங்கே செய்யற வண்டிகளுக்குள்ளே சின்னச் சின்ன கம்ப்யூட்டர்கள் இருக்கு. வைப்பர், லைட், கதவுப் பூட்டு, டாஷ்போர்டு, எல்லாத்துக்கும் ஒரு சிப்பு, அதுக்குள்ள ஒரு ப்ரோக்ராம். அது பெரும்பாலும் சி மொழியில் எழுதினது.

பெரிய கம்பெனிகளில் அதுக்குத் தனி டீம் இருக்கும். எங்களை மாதிரி அவங்களுக்கு பார்ட்ஸ் தர்ற இடத்தில், போர்டு அசெம்பிளி லைனுக்கு மேலே மாடியில் ஒரு ரூம், நாலு பேர், ஒரு ஆஸிலோஸ்கோப். அவ்வளவுதான் சாஃப்ட்வேர் டிபார்ட்மென்ட். நாங்க செய்த பொருட்களில் ஒண்ணு, பஸ் கதவுக்கான கன்ட்ரோலர். காத்தழுத்தத்தில் திறந்து மூடுமே, அந்தக் கதவு. கதவின் ஓரத்தில் ஒரு ரப்பர் பட்டை இருக்கும், உள்ளே சென்சார். மூடும்போது கையோ பையோ மாட்டினா பட்டை அழுந்தும். கதவு உடனே பின்வாங்கணும், 3 செகண்ட் திறந்தபடியே நிக்கணும், அப்புறம்தான் மறுபடி மூட முயற்சி பண்ணணும். இதுதான் ஸ்பெக். 3 செகண்ட் என்பதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

இப்ப டூல் விஷயத்துக்கு வர்றேன். ஒரு ப்ரோக்ராமை ரெண்டு விதமா சோதிக்கலாம். ஓட விட்டுப் பார்க்கலாம். இல்லைன்னா ஓட விடாமல், எழுத்தை மட்டும் படிச்சுப் பார்க்கலாம். ரெண்டாவதுதான் ஸ்டாடிக் அனாலிசிஸ். கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும்போது ப்ரூஃப் பார்க்கிறவர் மாதிரி. எழுத்துப்பிழையைப் பிடிப்பார். தாத்தா பெயர் ரெண்டு இடத்தில் ரெண்டு விதமா இருந்தா பிடிப்பார். கையில் காலண்டர் இருந்தா, நீங்க போட்டிருக்கிற தேதி வெள்ளிக்கிழமை இல்லையே என்றுகூடச் சொல்லுவார். ஆனா முகூர்த்தம் ஒன்பதரையா பத்தரையா என்பது அவருக்கு எப்படித் தெரியும்? அது வீட்டுக்காரங்களுக்குத்தான் தெரியும்.

கம்பைலர் இந்த வேலையைச் செய்யாதா என்று கேட்பீங்க. சி மொழியின் சுபாவமே, எழுதுறவனுக்குத் தெரியும் என்று விட்டுவிடுவது. பத்து அறை உள்ள அரேயில் பதினோராவது அறையில் எழுதினால் தடுக்காது. மதிப்பே தராத வேரியபிளைப் படிச்சால் கிடைக்கிற குப்பையை வெச்சுக்கிட்டு ஓடும். இஃப் கண்டிஷனில் ரெண்டு சமக்குறிக்குப் பதில் ஒண்ணு போட்டால், ஒப்பிடாமல் மதிப்பை மாத்திட்டுப் போய்க்கிட்டே இருக்கும். பெல் லேப்ஸில் ஸ்டீபன் ஜான்சன் என்பவர் இதுக்காகவே 1970-களின் கடைசியில் ஒரு ப்ரோக்ராம் எழுதினார். பெயர் லின்ட். துணியில் ஒட்டியிருக்கிற பிசிறு என்று அர்த்தம். கம்பைலருக்குச் சட்டை கிழியாமல் இருந்தால் போதும். லின்ட் பிசிறு பொறுக்கும். இன்னைக்கு இருக்கிற எல்லா டூலும் அதன் பேரப்பிள்ளைகள்தான்.

வண்டிக்காரங்களுக்கு இன்னொரு கூடுதல் கட்டுப்பாடு உண்டு, மிஸ்ரா. பிரிட்டனில் கார் தொழில் சார்ந்த ஒரு குழு 1998-ல் வெளியிட்ட விதித் தொகுப்பு. சி மொழியில் எதெல்லாம் எழுதலாம், எதெல்லாம் எழுதக்கூடாது. முதல் பதிப்பில் 127 விதிகள். 2012 பதிப்பில் 143 விதிகளும், அது தவிர 16 வழிகாட்டுதல்களும். கையால சரிபார்க்க முடியாது, டூல்தான் பார்க்கணும். நம்ம நாட்டிலும் இந்த மாதிரி டூல் செய்றாங்க. புனேயில் டிசிஎஸ் ஆராய்ச்சிப் பிரிவு எம்பெடட் கோடு அனலைசர் என்று ஒண்ணு செய்திருக்காங்க. காசு கொடுக்காமல் வேணும்னா சிபிபிசெக் இருக்கு. ஸ்வீடனைச் சேர்ந்த டேனியல் மார்யமாகி ஆரம்பிச்சது. அந்த நேயருக்கு முதல் பதில் இதுதான்: விலையைப் பார்த்து பயப்படாதீங்க, இதை இன்னைக்கே இறக்கி ஓட்டுங்க. ஒண்ணே ஒண்ணு, மிஸ்ரா விதிகளின் முழு வாசகம் அதோடு வராது. அதுக்கு காப்பிரைட் இருக்கு. விதி எண் மட்டும் காட்டும், புத்தகத்தைத் தனியா வாங்கிக்கணும்.

சரி, கதை.

2018-ல் எங்க கஸ்டமர், இனிமேல் மிஸ்ரா ரிப்போர்ட் இல்லாமல் சாஃப்ட்வேர் ஏத்துக்க மாட்டோம் என்று மெயில் போட்டாங்க. ரெண்டு வாரத்தில் ஆடிட். டூல் லைசன்ஸ் வந்தது. கதவு கன்ட்ரோலர் ப்ரோக்ராமை முதல் தடவை அதில் விட்டபோது வார்னிங் ஆயிரத்தைத் தாண்டிடுச்சு. அந்த ப்ரோக்ராமின் பெரும்பகுதியை 2013-ல் எழுதினது நான். ஐந்து வருஷமா ஓடிக்கிட்டிருக்கு, ஒரு பெரிய புகார் இல்லை. அந்த லிஸ்டைப் பார்த்ததும் எனக்கு வந்தது கோபம்தான். இந்த டூலுக்கு என்ன தெரியும் என்ற கோபம்.

அந்த ஆயிரத்தில் முக்கால்வாசி ஒரே ரகம். நீங்க இந்தத் துறையில் இருந்தால் பார்த்திருப்பீங்க: 10.4. ஒரு கணக்கின் ரெண்டு பக்கமும் ஒரே வகையா இருக்கணும், அன்சைன்டு எண்ணோடு சைன்டு எண்ணைக் கலக்காதே என்கிற விதி. சி மொழியில் நீங்க சும்மா 3000 என்று எழுதினால் அது சைன்டு. பின்னாடி யு என்று ஒரு எழுத்து சேர்த்தால் அன்சைன்டு. சேர்த்த உடனே வார்னிங் மறைஞ்சிடும். ஆக ஆயிரம் இடத்தில் யு போடணும். யார் போடுவாங்க?

அந்த வருஷம் ஒரு பொண்ணு ட்ரெயினியா சேர்ந்திருந்தாங்க. டிப்ளமோ முடிச்சவங்க, ஒரு வருஷ கான்ட்ராக்ட். வாலாஜாபாத் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவாங்க. நான் லிஸ்டைக் கொடுத்து, "ஆடிட்டுக்கு முன்னாடி இது சைபர் ஆகணும்மா. ஒண்ணும் யோசிக்க வேண்டாம், யு போட்டுக்கிட்டே போங்க"ன்னு சொன்னேன். அப்படியேதான் சொன்னேன். யோசிக்க வேண்டாம்.

அவங்க ரெண்டு தடவை வந்து கேட்டாங்க. "சார், இந்த லைன்ல யு போட்டா அர்த்தம் மாறாதா?" முதல் தடவை பார்த்துச் சொன்னேன். ரெண்டாவது தடவை ஸ்க்ரீனைப் பார்க்காமலே "ஒண்ணும் ஆகாது" என்றேன். பத்து நாளில் வார்னிங் சைபர். ரிவியூ கையெழுத்து நான் போட்டேன். ஆடிட்டர் ரிப்போர்ட்டைப் புரட்டிப் பார்த்து, பச்சை டிக் அடிச்சுட்டு, மதியம் சாப்பாட்டுக்குப் போயிட்டார்.

நாலு மாசம் கழிச்சு ஒரு விடியற்காலை, சுங்குவார்சத்திரம் ஸ்டாப். ஷிஃப்டுக்குப் போற கம்பெனி பஸ். ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிற ஒரு பெண், கடைசியா ஓடி வந்து ஏறியிருக்காங்க. கதவு மூடி மணிக்கட்டைப் பிடிச்சிருக்கு. பின்வாங்கலை. கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிச்சுட்டு அப்புறம்தான் விட்டிருக்கு. நல்லவேளை டிரைவர் வண்டியை நகர்த்தலை. எலும்பு முறிவு இல்லை, கை வீங்கிடுச்சு, நாலு நாள் வேலைக்குப் போகலை. நாலு நாள் சம்பளம் என்றால் அந்த வேலையில் என்ன என்று இந்த ஏரியாக்காரங்களுக்குத் தெரியும். எங்க பக்கத்திலிருந்து யாரும் அவங்களை நேரில் போய்ப் பார்க்கலை. நானும் போகலை.

போர்டு திரும்பி வந்தது. எங்க லைனில் இருக்கிற டெஸ்டரில் மாட்டினோம். பாஸ். பத்து தடவை மாட்டினோம், பத்தும் பாஸ். இப்படி வந்தால் அதுக்கு ஒரு பெயர் உண்டு, என்டிஎஃப், நோ ட்ரபிள் ஃபவுண்ட். அந்த ஃபார்மை நிரப்பி, சென்சார் பட்டையில் ஈரம் இருந்திருக்கலாம் என்று ஒரு வரி எழுதி அனுப்பிட்டா விஷயம் முடிஞ்சுது. ஃபார்மை நிரப்பற வேலையும் அதே ட்ரெயினிக்குத்தான் போச்சு.

அவங்க நிரப்பலை. போர்டை டெஸ்டரிலிருந்து கழற்றி, தன்னோட மேஜையில் பவர் சப்ளையில் மாட்டி, ரப்பர் பட்டையைக் கையால அழுத்தி அழுத்திப் பார்த்துக்கிட்டிருந்தாங்க. வால்வுக்குப் பதில் ஒரு எல்இடி. பட்டையை அழுத்தினா எல்இடி 3 செகண்ட் எரியணும். சாப்பாட்டு நேரம் முழுக்க அழுத்தியிருக்காங்க. பக்கத்தில் ஒரு நோட்டில் நேரம் குறிச்சிருந்தாங்க. நான் கேன்டீனிலிருந்து வந்ததும் நோட்டை நீட்டினாங்க.

"சார், எப்பவாவது எல்இடி எரியவே மாட்டேங்குது. எரியாத நேரமெல்லாம் குறிச்சேன். சுமார் அறுபத்தஞ்சு செகண்டுக்கு ஒருதடவை வருது."

எம்பெடட் வேலை பார்க்கிற யாரும் 65 என்று கேட்டா நிமிர்ந்து உட்காருவாங்க. 16 பிட்டில் அடங்கற பெரிய எண் 65,535. எங்க போர்டில் மில்லிசெகண்டுக்கு ஒண்ணு கூடற 16 பிட் கவுண்டர். 65.5 செகண்ட் ஆனதும் நிறைஞ்சு மறுபடி சைபரிலிருந்து ஆரம்பிக்கும். ஓடோமீட்டர் 99,999-க்கு அப்புறம் சைபருக்கு வர்ற மாதிரி.

லைனைத் திறந்து பார்த்தேன். வாயால் சொல்றேன், கேட்டுக்கோங்க: இஃப், நௌ, கிரேட்டர் தென், ஸ்டார்ட் பிளஸ் 3000 யு. பட்டை அழுந்தின நேரம் ஸ்டார்ட். அதோடு 3000 மில்லிசெகண்ட் கூட்டு. இப்போதைய நேரம் அதைத் தாண்டிட்டா கதவை மூடு. படிச்சா சரியாத்தானே இருக்கு?

சுவர்க் கடிகாரத்தை வெச்சு யோசிங்க. மணி 11. "மூணு மணி நேரம் காத்திரு" என்கிறேன். 11-ம் 3-ம் கூட்டினா 14, ஆனா கடிகாரத்தில் 14 கிடையாது, 2 தான். ஆக முடிவு நேரம் 2. இப்ப மணி 11. 11 என்பது 2-ஐ விடப் பெருசா? ஆமா. அப்படின்னா காத்திருந்தது போதும், கிளம்பு! காத்திருக்கவே இல்லை, ஆனா கணக்குப்படி முடிஞ்சுபோச்சு. எங்க கதவும் அதைத்தான் செய்தது. கவுண்டர் 64,000-ல் இருக்கும்போது கை மாட்டினா, ஸ்டார்ட் பிளஸ் 3000 என்பது 67,000. 16 பிட்டில் அது 1,464 ஆயிடும். 64,000 அதைவிடப் பெருசு. உடனே மூடு. சென்சார் மறுபடி திற என்கும், அடுத்த மில்லிசெகண்டில் ப்ரோக்ராம் மறுபடி மூடு என்கும். காத்து வால்வால் அந்த வேகத்துக்கு அசையவே முடியாது, கதவு இருந்த இடத்திலேயே அழுத்திக்கிட்டு நிக்கும். கவுண்டர் சைபரைத் தாண்டினதும் கணக்கு சரியாகி கதவு திறந்துடும். அதனால்தான் அந்தப் பெண் "கொஞ்ச நேரம் பிடிச்சுட்டு விட்டுச்சு" என்று சொன்னாங்க. அதிகபட்சம் 3 செகண்ட். ஒவ்வொரு 65.5 செகண்டிலும் அந்தக் கடைசி 3 செகண்ட் மட்டும்தான் ஆபத்து. நூத்துக்கு நாலரை தடவை.

எங்க டெஸ்டர் ஏன் பிடிக்கலை? பவர் கொடுத்து 40 செகண்டில் டெஸ்ட் முடிஞ்சிடும். கவுண்டர் 62,000 பக்கமே போகாது. பத்து தடவை இல்லை, பத்தாயிரம் தடவை சோதிச்சாலும் பாஸ்தான். பஸ்ஸில் வண்டி ஓடிக்கிட்டே இருக்கு, கவுண்டர் சுத்திக்கிட்டே இருக்கு.

இது எங்க ஊர் கூத்து மட்டும் இல்லை. போயிங் 787 விமானத்தில் ஜெனரேட்டர் கன்ட்ரோல் யூனிட் 248 நாள் தொடர்ந்து பவரில் இருந்தால் ஒரு கவுண்டர் நிரம்பி மின்சாரம் போயிடும் என்று 2015-ல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் எச்சரிக்கை போட்டது. 1996-ல் ஏரியன் 5 ராக்கெட் கிளம்பி ஒரு நிமிஷம்கூட ஆகாமல் போனது, 16 பிட்டில் அடங்காத எண்ணை 16 பிட்டில் திணிச்சதால். பாத்திரம் சின்னது, தண்ணி அதிகம்.

இதில் என்னைக் குத்தினது வேற. டூல் அந்த லைனைக் காட்டியிருந்தது. ஆயிரம் வார்னிங்கில் அதுவும் ஒண்ணு. 3000-க்குப் பின்னாடி யு இல்லை என்பதுதான் அதன் புகார். காரணம் தப்பு, இடம் சரி. நாங்க யு போட்டோம். டூல் திருப்தியாகி வாயை மூடிடுச்சு. தப்பு அப்படியே உட்கார்ந்திருந்தது, இன்னும் சொல்லப்போனா சர்டிஃபிகேட்டோடு. சி மொழியின் சட்டப்படி அன்சைன்டு எண் நிறைஞ்சு சுத்துவது குற்றமே கிடையாது, அது அனுமதிக்கப்பட்ட நடத்தை. அதனால் சாதாரண அமைப்பில் பெரும்பாலான டூல் அதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லாது. ப்ரூஃப் பார்க்கிறவர் முகூர்த்த நேரத்தைக் கேட்க மாட்டார் என்றேனே, அதுதான்.

தீவிரமான டூல்கள் இருக்கு. பிரான்ஸில் பாட்ரிக் கூசோவும் ராதியா கூசோவும் 1977-ல் முன்வெச்ச ஒரு கணித முறை: ஒவ்வொரு வேரியபிளும் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை போகலாம் என்று ப்ரோக்ராம் முழுக்கக் கணக்குப் போடறது. அந்த வழியில் செய்த ஆஸ்ட்ரே என்ற டூல், 2003-ல் ஏர்பஸ் ஏ340-ன் பறப்புக் கட்டுப்பாட்டு ப்ரோக்ராமில், ஒரு லட்சத்து முப்பதாயிரம் வரிக்கு மேல், இயங்கும்போது வெடிக்கிற வகைத் தப்பு ஒண்ணுகூட இல்லை என்று நிரூபிச்சது. இந்த வகை டூலில் அன்சைன்டு நிரம்பறதையும் காட்டு என்று ஒரு ஆப்ஷன் போட்டால் எங்க லைன் மாட்டியிருக்கும். கூடவே நியாயமா நிரம்பற நூறு இடமும் மாட்டியிருக்கும். அந்த நூறை யார் உட்கார்ந்து பார்க்கறது? கவரிட்டி டூலை உருவாக்கினவங்க 2010-ல் எழுதின ஒரு கட்டுரையில் இதை ஒளிவு மறைவில்லாமல் சொல்லியிருக்காங்க: பொய் வார்னிங் 30 சதவீதத்தைத் தாண்டினால் ஆட்கள் டூலையே மதிக்காமல் போயிடறாங்க. உண்மையான தப்பும் அந்தக் குப்பையோடு போயிடும். எங்க ஆயிரத்தில் நடந்தது அதுதான்.

அப்புறம் நடந்ததையும் சொல்லணும். இந்தத் தொழிலில் கஸ்டமர் புகாருக்கு 8டி ரிப்போர்ட் எழுதணும். ஏன் நடந்தது, அது ஏன், அது ஏன் என்று ஐந்து தடவை கேட்டு மூலகாரணம் எழுதணும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைவு என் மெயிலுக்கு வந்தது. மூலகாரணம் என்ற கட்டத்தில், "ட்ரெயினி இன்ஜினியர் செய்த மாற்றம், பயிற்சி போதாமை" என்று இருந்தது. ஆதாரமா ஒரு ஸ்க்ரீன்ஷாட். கிட்டில் பிளேம் என்று ஒரு கமாண்ட் உண்டு, எந்த லைனை யார் எழுதினாங்க என்று காட்டும். பெயரே பழி. அந்த லைனுக்கு நேரே அந்தப் பொண்ணு பெயர்.

கிட் கடைசியா தொட்டவங்க பெயரைத்தான் காட்டும். அவங்க சேர்த்தது ஒரே ஒரு எழுத்து, யு. அதுக்கு முந்தைய வெர்ஷனுக்குப் போய்ப் பார்த்தா 2013, என் பெயர். இது எனக்கு அந்த வெள்ளிக்கிழமையே தெரியும். அன்னைக்கு நான் பதில் போடலை. வீட்டில் ஈஎம்ஐ, அப்ரைசல் மாசம், இப்படி என்னென்னவோ ஓடிச்சு. சனி, ஞாயிறு ரெண்டு நாள். திங்கட்கிழமை காலையில் பழைய வெர்ஷன் ஸ்க்ரீன்ஷாட்டையும், ரிவியூவில் என் கையெழுத்தையும் சேர்த்து எல்லாருக்கும் அனுப்பினேன். தப்பைக் கண்டுபிடிச்சதே அவங்கதான், நோட்டுப் பக்கம் இதோ என்றும் எழுதினேன்.

ரிப்போர்ட்டில் பெயர் போச்சு. "ரிவியூ முறையில் குறைபாடு" என்று மாத்தினாங்க. எண்பதுக்கும் மேற்பட்ட பஸ்களுக்கு ராத்திரி ஷிஃப்ட் இடைவெளியில் டெப்போ டெப்போவா போய் புது ப்ரோக்ராம் ஏத்தினோம். அவங்களும் கூட வந்தாங்க, லேப்டாப்பை மடியில் வெச்சுக்கிட்டு பஸ் படியில் உட்கார்ந்து. ஜூனில் கான்ட்ராக்ட் முடிஞ்சபோது நீட்டிக்கலை. ஆள் எண்ணிக்கை குறைப்பு என்றாங்க. எனக்கு எதுவும் ஆகலை. அந்த வருஷம் இன்க்ரிமென்ட்டும் வந்தது.

லைனை எப்படித் திருத்தினோம் என்று கேட்பீங்க. கூட்டாதீங்க, கழிங்க. நௌ மைனஸ் ஸ்டார்ட், அது 3000-ஐத் தாண்டிச்சா என்று கேளுங்க. கடிகாரத்தில் 11-க்கு ஆரம்பிச்சு இப்ப மணி 2 என்றால், 2-லிருந்து 11 போனா மைனஸ் 9, ஒரு சுற்று 12 சேர்த்தா 3. சரியா வருது பாருங்க, சுத்தினாலும் சரியா வரும். 32 பிட் சிப்புக்கு மாறினவங்க ஒண்ணு கவனிக்கணும். அங்கே சி மொழி இந்த 16 பிட் எண்களைப் பெருசாக்கித்தான் கழிக்கும், விடை மைனஸில் போயிடும். அதனால் விடையை மறுபடி 16 பிட் அன்சைன்டுக்கு காஸ்ட் பண்ணிட்டு ஒப்பிடணும். பழைய லைனை அப்படியே 32 பிட் சிப்பில் போட்டால் நேர் எதிரா வேற ஒரு தப்பு வரும்: சில நேரம் 3 செகண்ட் முடிஞ்சும் கதவு மூடவே மூடாது. ஒரே எழுத்து, ரெண்டு சிப்பு, ரெண்டு வியாதி.

சோதனையையும் மாத்தினோம். லினக்ஸ் கெர்னலில் இருக்கிற ஒரு தந்திரத்தைத் திருடினேன். அங்கே நேரக் கவுண்டர் சைபரில் ஆரம்பிக்காது, பூட் ஆகி 5 நிமிஷத்தில் நிரம்பற மாதிரி வேணும்னே மேலே ஆரம்பிப்பாங்க. நிரம்பும்போது வர்ற தப்பு 5-வது நிமிஷமே வெளியே வந்துடும். நாங்க கவுண்டரை 60,000-ல் ஆரம்பிச்சோம். 40 செகண்ட் டெஸ்ட்டுக்குள்ளேயே ஒரு சுற்று வந்துடும், டெஸ்டரும் அந்த எல்லையில் பட்டையை அழுத்தும்.

அப்புறம் அந்த நேயரின் கேள்விக்கு. டூலை ஓட்டுங்க, ஆனா ஆடிட்டுக்கு ரெண்டு வாரம் முன்னாடி ஓட்டாதீங்க. ப்ரோக்ராம் எழுதுற முதல் நாளிலிருந்து ஓட்டினா தினம் நாலஞ்சு வார்னிங்தான் வரும், ஒவ்வொண்ணையும் நின்னு பார்க்கலாம். பழைய ப்ரோக்ராம்னா, முதல்ல ஆபத்தான ரகங்களை மட்டும் திறந்து வைங்க: அரே எல்லை தாண்டறது, மதிப்பு கொடுக்காத வேரியபிள், நல் பாயின்டர். யு மாதிரி விஷயங்களைத் தனி லிஸ்டா, நேரம் வெச்சுக்கிட்டு. எங்க இடத்தில் நான் ஒரு வழக்கம் கொண்டுவந்தேன், வார்னிங்கை மூடறவங்க அந்த லைன் என்ன செய்யணும் என்று ஒரு வரி தமிழிலாவது எழுதணும். "3 செகண்ட் காத்திருக்கணும், கவுண்டர் சுத்தினாலும்." இப்படி எழுத உட்கார்ந்தாலே சில நேரம் தப்பு தெரிஞ்சிடும். எல்லாரும் திட்டினாங்க, பாதிப்பேர் செய்றாங்க. டூல் எதையும் காட்டலைன்னா ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம் எடுத்துக்காதீங்க. 2014-ல் ஓபன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளியானபோது அப்போதைய பெரிய டூல்கள் அதைப் பார்க்காமல் விட்டிருந்தன. வெளியான பிறகுதான் அந்த வகையைப் பிடிக்க அவற்றுக்குச் சொல்லிக்கொடுத்தாங்க.

போன வருஷம் அந்தப் பொண்ணு போன் பண்ணாங்க. இப்ப மறைமலைநகர் பக்கம் வேற ஒரு இடத்தில் இருக்காங்க, அவங்களுக்குக் கீழே மூணு பேர். நலம் விசாரிச்சு முடிச்சதும், "சார், இங்கயும் யு போட்டு யு போட்டு வார்னிங்கை அடைக்கறாங்க. நான் சொன்னா யாரும் கேக்க மாட்டேங்கறாங்க. அந்தக் கதவு போர்டு, பழைய ப்ரோக்ராமோட ஒண்ணு இருக்குமா?" என்றாங்க.

ஸ்க்ராப் ரேக்கில் ஒண்ணு இருந்தது. பேப்பர் போட்டு எழுதி வாங்கி, ரப்பர் பட்டையும் ஒரு முழம் வெட்டி எடுத்துக்கிட்டு, ஒரு சனிக்கிழமை சிங்கப்பெருமாள்கோவில் ஸ்டேஷன் வாசலில் கொடுத்தேன். எல்இடியை அவங்களே கையில் கொண்டுவந்திருந்தாங்க.

"பவர் போட்டு ஒரு நிமிஷமாவது காத்திருக்கச் சொல்லுங்கம்மா, முதல்லயே அழுத்தினா சரியாத்தான் வேலை செய்யும்" என்றேன்.

"தெரியும் சார், அறுபத்திரெண்டரையில் ஆரம்பிக்கும்" என்றாங்க.

அடுத்த பகுதியில் வாட்ச்டாக் டைமர் பத்திப் பேசலாம். உங்க கேள்விகளை வழக்கம்போல குரல்பதிவா அனுப்புங்க.